மாமாவுக்கு விட்ட இரண்டு வரி

லாசால், மொன்றியல்
09.10.2004

அன்பின் ஜோன்சனுக்கு,

இவ்வளவு நேரம் சென்று எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கள். மாமா படுத்து, அவருடைய ரேடியோவும் படுத்து, மூக்கடைப்போடு சிணுங்கிய அனுவும் தூங்கிய பிறகுதான் குசினி மேசை எனக்குக் கிடைத்தது. எழுத்து கோணலாக இருந்தால் அது தூக்கம். கோபம் என்று நினைக்க வேண்டாம்.

அனுவின் சளியைத் தவிர நாங்கள் மூவரும் சுகம். உங்கள் சொக்ஸ் ஃபக்டரிக்காரர் சீனாவில் திறக்கும் புது ஃபக்டரியின் மெசின்களைப் பூட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனீர்கள். அங்கே சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

இது வழக்கமான கடிதம் இல்லை. வழக்கமான கடிதத்தின் அடியில் மாமாவுக்கு இரண்டு வரி இடம் விடுவேன். அவர் தன் கையால் 'மகனுக்கு அப்பா எழுதுவது' என்று தொடங்கும்போது, மேலே நான் எழுதியதையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார். உங்களிடமிருந்து வருவதற்கும் முறை இருக்கிறது. என் பெயருக்கு வந்தாலும் மாமாதான் உடைப்பார். சனிக்கிழமை செபமாலை முடிந்ததும், தன் கூட்டாளி பேனாட் அண்ணையையும் இருத்தி வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு உரத்து வாசிப்பார். "கடிதம் வீட்டுக்கு வாறது பிள்ளை, ஆளுக்கில்லை" என்று நான் கலியாணம் முடித்து வந்த மாதமே சொல்லிவிட்டார். ரெலிபோனும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுத்தால் மாமா, பேனாட் அண்ணை, அனுவின் மூச்சு என்று சுற்றி என் கைக்கு வரும்போது "சுகமா?" "சுகம்" என்பதோடு ரெலிபோன் காட் காசு முடிந்துவிடும்.

விஷயம் இதுதான். அனு வயிற்றில் இருக்கும்போதே பெயர் கொடுத்து வைத்த கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஜனவரியில் அவனுக்கு ஓர் இடம் உண்டு. டிசம்பர் பதினேழுக்குள் போய்க் கையெழுத்து வைக்காவிட்டால் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அவன் பகலில் அங்கே இருந்தால் நான் மருந்தக உதவியாளர் படிப்புக்குப் போகலாம். பிரெஞ்சுச் சோதனையும் பாஸ். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தவள் இங்கே வந்து கரைத்ததெல்லாம் பால்மாதான்.

மாமாவிடம் சொன்னேன். "பெத்த தாய் இருக்கப் பிள்ளையைப் பிறத்தியாரிட்டை விடுறதோ? ஜோன்சன் எழுதட்டும், பாப்பம்" என்றார். கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. ஆனால் அதோடு எழும்பிப் படுக்கப் போய்விட்டார்.

எனவே வீட்டுக்கு எழுதும் அடுத்த கடிதத்தில் எனக்காக ஒரே ஒரு வரி போடுங்கள்: 'அனுவைக் கார்டெரியில் விடுங்கள், ஜென்சி படிக்கட்டும்.' மாமாவே அதைத் தன் வாயால், ஆட்கள் முன்னால் வாசித்துவிட்டால் பிறகு மறுக்கமாட்டார்.

இதைப் பாலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு டெப்பனர் கடை மூலையிலுள்ள தபால் பெட்டியில் நானே போடுவேன்.

அந்த ஒரு வரியைப் பார்த்திருக்கும்
ஜென்சி

*

சீனா
26.10.2004

அன்பின் அப்பா, ஜென்சி, அனுக்குட்டி, தேத்தண்ணிக்குக் காத்திருக்கும் பேனாட் அண்ணை யாவருக்கும்,

உங்கள் செபத்தால் கால் கை முழுதாக இருக்கிறேன். அப்பாவின் முழங்கால் எப்படி? அனுவுக்குப் புதுப் பல் வந்ததா?

இங்கே ஒரே வெக்கை. கொண்டுவந்த குளிர்ச்சட்டை பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. தெற்குச் சீனம் அல்லவா, இந்த ஊரில் பனி விழுந்து கண்டவர் எவருமில்லையாம்.

போன கிழமை எனக்கொரு விருந்து. வட்ட மேசை, நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. தட்டில் கொடுவாவைப் போல ஒரு மீன், முழுசாய். அதன் தலை என்னைப் பார்த்தபடி இருந்தது. எனக்கு எதிரே ஃபோர்மன் லியூ, வயதில் மூத்தவன். மரியாதைக்கு நான் தட்டைச் சுழற்றித் தலையை அவன் பக்கம் திருப்பினேன். அவன் சிரித்துக்கொண்டு திரும்பவும் என் பக்கம் திருப்பினான். நான் விடுவேனா? அவன் விடுவானா? அந்த மீன் உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு நீந்தியிருக்காது. பிறகுதான் மொழிபெயர்க்கிற பிள்ளை காதுக்குள் சொன்னாள்: மீனின் தலை பார்ப்பது அன்றைய பெரிய விருந்தாளியை. அந்த ஆள் வாய் வைக்காமல் மற்றவர்கள் தொடமாட்டார்கள். பன்னிரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு பட்டினி! மன்னாரான் மீனை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான் என்று ஊரில் சொன்னால் நம்புவார்களா?

வேலை நன்றாகப் போகிறது. பகலில் பூட்டுகிறேன், பின்னேரம் இங்கே வேலை செய்யும் பெண்பிள்ளைகளுக்கு மெசின் ஓட்டப் பழக்குகிறேன். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்பு மகன், கணவன், அப்பா (மூன்றும் ஒரே ஆள்)
ஜோன்சன்

*

லாசால்
10.11.2004

அன்பின் ஜோன்சனுக்கு,

அனுவின் சளி என் தொண்டைக்கு மாறியிருக்கிறது. மற்றப்படி குறையில்லை. உங்கள் உடம்பைப் பற்றி மீனைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

கடிதம் வாசித்தாயிற்று. மாமா வடைத் தட்டையே சுழற்றி நடித்துக் காட்டினார். பேனாட் அண்ணை சிரித்து இருமி, "சீனாக்காரனையே சுத்த விட்டிட்டான் உங்கடை மோன், நீக்கிலா அண்ணை!" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த வரி எப்போது வரும் என்று மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமை.

என் கடிதம் கிடைக்க முன்னமே எழுதியிருப்பீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக் கடிதத்தில் எழுதக் கூச்சம் என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். மேல்மாடி சிவமலர் அக்காவின் முகவரி கீழே இருக்கிறது. கேட்டதும், "அனுப்பச் சொல்லும். அம்மன் வந்து கேட்டாலும் வாய் திறக்கமாட்டன்" என்றா. உங்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு சொல்.

ஜென்சி

*

[தபாலட்டை: ஒரு கல்பாலம், இரண்டு வாத்து]
20.11.2004

ஜென்சி, உமது இரண்டு கடிதமும் கிடைத்தன. யோசிக்கிறேன். பிறகு விபரமாய் எழுதுகிறேன். இந்தப் படத்தில் இடது பக்க வாத்தை நேற்றுச் சாப்பிட்டேன் என்று அனுவிடம் சொல்லும். தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளியும். – ஜோ.

*

லாசால்
01.12.2004

அன்பின் ஜோன்சனுக்கு,

தொண்டை மாறிவிட்டது. வாத்து கிடைத்தது. சிவமலர் அக்கா அட்டையைத் தரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வாசிக்கேல்லை ஜென்சி, ஆனா வாசிக்க ஒண்டும் இல்லையே" என்றா.

நீங்களும் சிரிக்க ஒன்று எழுதுகிறேன். திங்கட்கிழமை குப்பைப் பையை வைக்கப் பின்பல்கனிக்குப் போனேன். காலில் வீட்டுச் செருப்பு, மேலில் ஒரு மெல்லிய சட்டை. கதவு பின்னால் சாத்துப்பட்டது. 'டக்'கென்று ஒரு சத்தம். பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளே உங்கள் மகன், பூட்டில் கையை வைத்தபடி. "அனு, திற ராசா." அவன் கையசைத்து "போன்ஜூர்!" என்றான். தட்டினேன். அவனும் உள்ளேயிருந்து தட்டினான். நல்ல விளையாட்டென்று நினைத்துவிட்டான். மாமா முன்னறையில் ரேடியோவோடு தூக்கம். படி முழுக்கப் பனி உறைந்து கண்ணாடியாக இருந்தது, செருப்போடு இறங்க வழியில்லை. நான் வெளியே நின்று என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பருப்பு கொதித்தது. எல்லாம் உள்ளே இருந்தன. ஒரு நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், தட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். குளிரவேயில்லை.

சிவமலர் அக்கா மேலிருந்து கண்டு ரெலிபோன் அடித்துத்தான் மாமா எழும்பினார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, வந்து திறந்து, "பாத்தியே, இதுக்குத்தான் பிள்ளையைத் தனிய விடாதையெண்டு சொல்லுறது" என்றார். பிறகு எனக்குப் போர்வை தந்தார். கோப்பியும் அவரே போட்டார். "துலைஞ்சதைத் தாறவர் அந்தோனியார். என்ரை கண்ணாடியைக் காட்டித் தந்தவரும் அவர்தான். எங்கடை சொக்ஸ் ஃபக்டரியில என்ரை ஒன்பதாம் மெசினிலையே அவற்றை படத்தை ஒட்டி வைச்சு இருவது வருசம் ஓட்டினனான்" என்று அந்தக் கதையும் வந்தது. எத்தனையாவது தடவையோ.

பதினேழாம் திகதி கிட்ட வருகிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாவது எழுதுங்கள். இந்த யோசனை எத்தனை நாளுக்கு?

ஜென்சி

*

சீனா
04.12.2004

அன்பின் அப்பா, ஜென்சி, அனு, பேனாட் அண்ணை,

நத்தார் வாழ்த்துகள் முன்கூட்டியே. எனக்குக் காய்ச்சல் இருமல் ஒன்றுமில்லை. அங்கே எல்லோரும் நலமா? அப்பா வழுக்கும் படியில் இறங்க வேண்டாம்.

முதலில் தலைமயிர்க் கதை. 'கொஞ்சமாய் வெட்டு' என்பதை விரலால் காட்டினேன். அவன் கொஞ்சமாய் விட்டான். இப்போது எனக்கும் அனுவுக்கும் ஒரே தலை. அன்றிரவே லியூ என்னைப் பாட்டுப் பாடுகிற கூடத்துக்கு இழுத்துப் போனான். ஒலிவாங்கியைத் தந்துவிட்டு விடமாட்டேன் என்கிறார்கள். எனக்கு முழுதாகத் தெரிந்த பாட்டு கோயில் பாட்டுத்தான். மாதா பாட்டைப் பாடினேன். எழும்பி நின்று கை தட்டி, இன்னொரு தரம் என்றார்கள். இரண்டாம் தரம் லியூவும் சேர்ந்து பாடினான்.

இன்னொரு புதினம். இங்கே ஒன்பது என்று நம்பர் அடித்த சொக்ஸ் மெசின் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத் தகட்டில் ஒட்டிய படத்தில் மொட்டைத்தலை ஆள் ஒருவர் பிள்ளையொன்றை ஏந்தியபடி இருக்கிறார். நாலு மூலையும் சிவப்பு ஒட்டுப்பட்டி, இடது மூலையில் மட்டும் இரண்டு பட்டி. லியூ என்னைக் கேட்டான்: "மெசினைச் செய்தவரும் அவருடைய மகனுமா?" துலைந்த சாமானைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று சொல்லிவைத்தேன். ஊசி உடையாமல் ஓடுவது அந்த ஒரு மெசின்தான். அதனால் இப்போது அவர் முன்னால் தினமும் ஒரு தோடம்பழம். கதவுத் திறப்பைத் துலைத்த பிள்ளைகள், ரெலிபோனைத் துலைத்தவர்கள், எல்லோரும் அவரிடம்தான் வருகிறார்கள். போன கிழமை ஒருத்திக்குத் திறப்புக் கிடைத்தது. அன்றைக்கு இரண்டு தோடம்பழம்.

வேறென்ன. எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

ஜோன்சன்

*

லாசால்
21.12.2004

அன்பின் ஜோன்சனுக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வாசிக்கப்பட்டது. மாதா பாட்டு வரை மாமா நன்றாக வாசித்தார். அந்த இடத்தில் பாடியே காட்டினார். பிறகு பக்கத்தைத் திருப்பி, இரண்டு வரி கண்ணால் ஓடி, நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்.

"என்ன நீக்கிலா அண்ணை, மோன்ரை எழுத்து விளங்கேல்லையோ?" என்றார் பேனாட் அண்ணை.

"விளங்குது, விளங்குது. அங்கையும் சரியான பனியாம். முழங்கால் மட்டும் கொட்டிக் கிடக்காம்" என்றார் மாமா, தாளைப் பார்த்தபடி.

நான் மாமாவை நிமிர்ந்து பார்த்தேன். அந்த ஊரில் பனி விழாது என்று போன தடவை வாசித்தவரே அவர்தான். பேனாட் அண்ணைக்கு அது ஞாபகமில்லை. "அப்ப எங்களைப் போலத்தான்" என்று எழும்பிப் போனார். கடிதம் வழக்கம்போலத் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் போகவில்லை. மாமாவின் சட்டைப் பைக்குள் போனது.

கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது குசினிக்கு வந்தார். "பிள்ளை, இதை நீ வாசி." மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் கையிலிருந்து என் கைக்கு ஒரு கடிதம்.

வாசித்தேன். "மாமா, அது வேறை மெசினாயிருக்கும்" என்றேன்.

"இடது மூலையில ரெண்டு பட்டி எண்டு எழுதியிருக்கிறானெல்லே? முதல் ஒட்டினது கிழிஞ்சு, அதுக்கு மேல நான் ரெண்டாந்தரம் ஒட்டினனான். என்ரை மெசின் அது. இஞ்சையிருந்து கழட்டிக்கொண்டு போயிருக்கிறாங்கள். இவன் அங்கை நிண்டு பூட்டுறான்."

அப்போது நானும் சொன்னேன். "மாமா, வெள்ளிக்கிழமை நான் பாலுக்குப் போகேல்லை. கார்டெரிக்குப் போய்க் கையெழுத்து வைச்சிட்டன்." ஓம் ஜோன்சன், வைத்துவிட்டேன். கடைசி நாள்வரை உங்கள் வரியைப் பார்த்திருந்துவிட்டுத்தான். என் பெயரையே பிழையாக எழுதி, வெட்டித் திருத்தினேன்.

 மாமா நான் கழுவி வைத்த கோப்பையை எடுத்துத் திரும்பவும் கழுவினார்.

திங்கட்கிழமை சொல்லாமல் பஸ் எடுத்துப் போனவர், பின்னேரம் புருவத்தில் பனியோடு வந்தார். தான் வேலை செய்த ஃபக்டரியின் பக்கவாட்டு யன்னலால் பார்த்தாராம். "ஒண்டுமில்லைப் பிள்ளை. எங்கடை பக்கம் மெசினைப் பூட்டியிருந்த ஓட்டையள்தான் நிலத்தில கிடக்கு." சப்பாத்தைக் கழற்றாமலே கதவடியில் இருந்தார். புருவத்துப் பனி உருகி வடிந்த பிறகு, "அந்தக் கார்டெரி எங்கை எண்டனீ?" என்று கேட்டார்.

இப்போது நான் கேட்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் பழக்கி முடித்தால் உங்கள் வேலை எங்கே? இங்கே மெசின் இல்லை என்பது எப்போதிருந்து தெரியும்? மீனையும் வாத்தையும் எழுதிய கை இதை ஏன் எழுதவில்லை?

வீட்டுக்கு எழுத வேண்டாம். எனக்கு எழுதுங்கள்.

ஜென்சி

*

சீனா
05.01.2005

அன்பின் ஜென்சி,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். நீரும் அனுவும் சுகமாயிருக்க வேண்டும். அப்பாவும்.

மீன் கதை உண்மை. அந்த விருந்து எதற்கென்று மட்டும் எழுதவில்லை. லாசாலிலிருந்து எங்கள் மெசின்கள் கப்பலில் வந்து இறங்கிய அன்று வைத்த விருந்து. மீனின் தலை அதனால்தான் என்னைப் பார்த்தது. அன்றைக்குத்தான் எனக்கும் தெரியும்.

மிச்ச மெசின்களையும் கழற்றி, இளவேனிலோடு அங்கே கதவை மூடுகிறார்கள். என்னை மட்டும் இங்கே இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறார்கள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லாசால் ஃபக்டரி வேலையை அப்பாதான் எடுத்துத் தந்தவர். அவர் வாயாலேயே அதை எப்படி வாசிக்க வைப்பது? அந்தோனியார் கதையை வெட்டினேன், எழுதினேன், வெட்டினேன். கடைசியில் விட்டுவிட்டேன். அவருக்கு விளங்கும் என்று தெரிந்துதான்.

உமது வரியை ஏன் எழுதவில்லை என்றால், எழுதினால் நீர் அங்கே ஊன்றிவிடுவீர். எழுதாவிட்டால் உம்மையும் அனுவையும் இங்கே கூப்பிடலாம் என்றொரு நினைப்பு. அதையும் கேட்கப் பயம். ஆகையால் வாத்தை எழுதினேன்.

நான் என்ன செய்ய? நீர் சொல்லும்.

ஜோன்சன்

*

லாசால்
22.01.2005

அன்பின் ஜோன்சனுக்கு,

இன்றைக்கும் நேரம் சென்றுவிட்டது. ஆனால் இன்று ஒளித்து எழுதவில்லை. பாடப் புத்தகம் ஒரு பக்கம், இந்தத் தாள் ஒரு பக்கம். மாமா முன்னறையில் விழித்துத்தான் இருக்கிறார். அனுவுக்குக் கார்டெரியில் புதுச் சளி. எனக்குத் தலையிடி, அது படிப்புத் தலையிடி. நீங்கள் சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் பகிடி இல்லாததைக் கண்டு பயந்துபோனேன். பிறகு அதையே நாலு தடவை வாசித்தேன்.

அந்தக் கடிதம் வந்த அன்று மாமா அதை உடைக்கவில்லை. என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். சனிக்கிழமை பேனாட் அண்ணை கையைத் தேய்த்துக்கொண்டு, "எங்கை, சீனாக் கடிதம்?" என்று கேட்டதற்கு, "அது ஆளுக்கு வந்தது. நீ தேத்தண்ணியைக் குடி" என்றார்.

காலையில் அனுவைக் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். முதல் நாள் அனு கத்தவில்லை. மாமாதான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கைகாட்டிக் கைகாட்டி நிற்க, கார்டெரிக்காரி வந்து "மெர்சி, மிஸ்ஸியூ", போதும், நன்றி என்று சொல்லி அனுப்பி வைத்தாவாம். "என்னைத் துரத்திப்போட்டாள்" என்று வந்து சொன்னார். படியில் உப்புப் போடுகிறார். பின்கதவுப் பூட்டை அனுவுக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றிவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வகுப்பில் பாதி விளங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அதே சட்டி, அதே சிங்க். பனி யன்னல் அரைவாசிக்கு வந்துவிட்டது. சில நேரம் இன்னும் அந்தப் பல்கனியில் நிற்பது போலத்தான். உள்ளே நீங்கள், பூட்டில் கையை வைத்தபடி.

நீர் சொல்லும் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதம் நான் கேட்ட ஒரு வரியைத் தராமல், இப்போது என்னிடம் கேட்கிறீர்கள். சரி, நான் உங்களைப் போல் வைத்திருக்கமாட்டேன். நான் அங்கே வரமாட்டேன். அனுவும் வரமாட்டான். வேலை இல்லாமல் வந்தாலும் வாருங்கள். இந்த வீட்டில் ஒருவர் வேலையில்லாமல் இருந்தால் அனுவுக்குச் சோறு தீத்தவாவது ஆளிருக்கும்.

வழக்கம்போல அடியில் இரண்டு வரி இடம் விட்டு மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளை வாங்கவில்லை. "இது உன்ரை கடிதம் பிள்ளை" என்றார். நான் திரும்பி நடக்க, பின்னாலிருந்து, "அந்தோனியாரைக் கழட்ட வேண்டாமெண்டு சொல்லு. அங்கையும் துலைச்சுப்போட்டுத் தேடுற சனம் இருக்கு" என்றார். பிறகு ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அந்த இரண்டு வரி இடத்தில் இதை எழுதுகிறேன்:
வருகிறீர்களா, இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.
உடனே பதில் போடுங்கள்.

ஜென்சி